நல்ல ரத்தம் யாருடையது?

மார்ச் 4

பொடிசுக்கு,

'அன்புள்ள' என்று எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, வேண்டுமென்றேதான் விட்டேன்.

ஃபோன் செய்யாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் மூன்று நிமிடம் பேசினால் என் குரல் மூக்குக்குள் போய்விடுகிறது. நாலாவது நிமிடத்தில் நான் திட்டுவது உனக்குப் புரியாது. இந்தத் திட்டில் ஒரு வார்த்தைகூட வீணாகக் கூடாது. அதனால் எழுதுகிறேன். கை சோர்ந்தால் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கிறேன். இது மூன்று நாளாக எழுதுகிற கடிதம்.

அம்மா உன்னிடம் எப்படிச் சொன்னாளோ தெரியாது, நான் நடந்தபடி சொல்கிறேன். போன மாதம் இருபதாம் தேதி, பகல் ஷிப்டின் கடைசி மணி நேரம். சிக்னல் கோளாறில் ஏழு ரயில் வண்டிகள் தாமதம். ஒவ்வொன்றையும் நான் மைக்கில் மூன்று முறை அறிவிக்க வேண்டும். ஐந்தாவது வண்டிக்கு வரும்போதே நாக்கு தடித்தாற்போல இருந்தது. ஆறாவதில் வண்டி எண் எனக்கே புரியவில்லை. நடைமேடையில் நின்ற கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு கத்தியது. நிலைய மேலாளர் என் கண்ணாடி அறைக்குள் வந்தார். என் இடது இமை பாதிக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து என் முகத்தை மோந்து பார்த்தார்.

"என்ன மேடம், டூட்டியிலயே ஆரம்பிச்சிட்டீங்களா?"

பத்தொன்பது வருஷம் இந்த நிலையத்தில் வாயைத் திறந்தவள் நான். அவருக்குப் பதில் சொல்லத் திறந்தேன், வந்தது குளறல். அதையே சாட்சியாக எழுதிக்கொண்டார். பணியிடை நீக்கம். 'பணி நேரத்தில் மது அருந்தியது' என்று குற்றச்சாட்டு. மே 12 விசாரணை. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? நான் குளிக்கப் போனபோது என் கைப்பையைத் திறந்து மோந்து பார்த்தாள். கதவிடுக்கில் பார்த்துவிட்டேன். பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். டிசம்பரில் நீ இங்கே வந்திருந்தாய். சாயங்காலமானால் இமை தொங்குகிறது, கடைசிக் கவளம் மெல்ல முடியவில்லை, தாடையைக் கையால் தாங்க வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். உடனே பெரிய மனுஷி போல ஊசியை எடுத்தாய். "எங்க லேப்ல இதுக்குத்தான் டெஸ்ட் பண்றோம்கா, நானே பாத்துச் சொல்றேன்" என்றாய். பிறகு அம்மாவுக்கு ஒரு வரி: 'அக்கா ரத்தத்துல ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்.' அந்த ஒரு வரியை அம்மா நம் டாக்டரிடம் காட்டினாள். அவர் என்னை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அவர் தூக்க மாத்திரை கொடுத்தார். வேலைக்குப் போகிறவளுக்குத் தூக்க மாத்திரை!

ஒண்ணுமில்லை என்று சொன்ன அந்தச் சோதனைத் தாளை எனக்கு அனுப்பு. விசாரணைக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. என் ரத்தத்தில் 'ஒண்ணுமில்லை' எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

உன் அக்கா

பின்குறிப்பு: என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் முன்பு பதிவுசெய்து கொடுத்த குரலைத்தான் இப்போது ஓடவிடுகிறார்கள். காய்கறி வாங்கப் போனால் தெருமுனைவரை கேட்கிறது. நான் வேலைக்கு ஆகாதவள், என் குரல் மட்டும் வேலைக்கு ஆகும்.

•

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் 'அன்புள்ள' என்றே எழுதுகிறேன்.

வேலையிலிருந்து நிறுத்திய விஷயம் அம்மா சொல்லித் தெரியும். ஆனால் மேலாளர் மோந்து பார்த்ததெல்லாம் தெரியாது. அந்த ஆளை நாலு கேள்வி கேட்க வேண்டும்.

ஆனால் என்மேல் ஏன் இப்படிப் பாய்கிறாய்? உதவி செய்ய நினைத்தது குற்றமா? நான் டாக்டர் இல்லை, ஆய்வகத்தில் தசைச் செல்களை வளர்க்கிறவள். இரண்டு நாளைக்கு ஒருமுறை அவற்றுக்குத் தீனி நீர் மாற்றுவேன், கெட்டுப்போனதை எறிவேன். அவ்வளவுதான் என் உத்தியோகம். உனக்காக என் வேலைக்கு நடுவில், பதிவேட்டில் ஏற்றாமல், அந்த ரத்தச் சோதனையைச் செய்தேன்.

தாள் கேட்கிறாய். தாள் இல்லை. சோதனை சரியாக வரவில்லை. எப்போதும் நோயாளியின் ரத்தத்தோடு ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்ப்போம். நோயாளியினது நிறம் மாற வேண்டும், ஆரோக்கியமானவரது மாறக் கூடாது. அன்று இரண்டும் மாறின. அப்படி வந்தால் சோதனைக் கிட் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், முழுவதையும் குப்பையில் போட்டுவிடுவோம். அதைத்தான் செய்தேன். அம்மாவிடம் கிட், நிறம் என்றெல்லாம் சொன்னால் பயந்துவிடுவாள். 'ஒண்ணுமில்ல' என்று சொன்னேன். டென்ஷன் என்றதும் உன் நல்லதுக்குத்தான், கொஞ்சம் ஓய்வெடுப்பாய் என்று.

சின்ன வயதிலிருந்தே நீ பேசினால் வீட்டில் வேறு யாருக்கும் வாய் கிடையாது. சும்மாவா உனக்கு ரேடியோ என்று பேர் வைத்தோம். என் பக்கத்தையும் ஒருதரம் கேள்.

பொடிசு

•

மார்ச் 17

பொடிசுக்கு,

உன் பக்கத்தைக் கேட்டேன். இரண்டு தடவை படித்தேன், இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

சோதனை கெட்டுப்போனது ஒன்று. ரத்தத்தில் ஒன்றுமில்லை என்பது வேறொன்று. என் ஒலிபெருக்கி கெட்டுப்போனால் 'இன்று வண்டி எதுவும் வராது' என்றா அறிவிப்பேன்? அறிவித்துவிட்டு, பயணிகள் நல்லதுக்குத்தான், வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்று சொல்வேனா? தெரியாது என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் உன் வாயில் வரவில்லை. அதனால் நான் பைத்தியமாகி, அப்புறம் குடிகாரியுமாகிவிட்டேன். வெள்ளைக் கோட்டுப் போட்டவள் சொன்னாள் என்று அம்மா இன்னும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். "அவ பொய் சொல்வாளா? படிச்சவ" என்கிறாள். நான் பொய் சொல்வேன், இல்லையா?

பதிவேட்டில் ஏற்றவில்லை என்று ஏதோ தியாகம் போல எழுதியிருக்கிறாய். ஏற்றியிருந்தால் இன்று என் கையில் ஒரு தாள் இருந்திருக்கும்.

இன்னொன்று கேட்கிறேன், பூசி மெழுகாமல் பதில் சொல். அன்று என் ரத்தத்தோடு வைத்துப் பார்த்த 'ஆரோக்கியமான' ரத்தம் யாருடையது?

கிட் கெட்டிருந்தால் வேறு கிட்டில் மறுபடி பார்த்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குத் தப்பாக வந்தால் சாப்பிடக்கூட வரமாட்டாய். மறுபடி பார்த்தாயா?

எழுத்து கோணலாகிவிட்டது. இதற்குமேல் விரல் கேட்கவில்லை.

அக்கா

•

ஏப்ரல் 1

பொடிசுக்கு,

இரண்டு வாரம் ஆயிற்று.

யாருடைய ரத்தம்?

•

ஏப்ரல் 6

அக்கா,

என்னுடையது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல ரத்தம் தேவைப்பட்டால் பக்கத்தில் நிற்கிறவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டுவார். பதிலுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட். ஆறு வருஷத்தில் நான் நீட்டாத மாதமில்லை. குழாயின்மேல் பெயர் எழுத மாட்டோம், 'ஆரோக்கியமானவர்' என்று எழுதி ஒட்டுவோம். அன்றும் அப்படித்தான் எழுதி ஒட்டினேன். அந்த ஒட்டுச் சீட்டை நானே நம்பினேன்.

நீ சொன்னது சரி, மறுபடி பார்த்தேன். ஜனவரியில், புதுக் கிட்டில், உறைய வைத்திருந்த மீதி ரத்தத்தில். உன்னுடையதும் மாறியது, என்னுடையதும் மாறியது. மூன்றாவது தடவை வேறொருவருடைய ரத்தத்தையும் சேர்த்து வைத்தேன். அது மாறவில்லை. கிட் நன்றாகத்தான் இருந்தது. ஜனவரியிலிருந்தே எனக்குத் தெரியும் அக்கா. எழுதிவிட்டேன், இனி நீ என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

பயந்துவிட்டேன். வேறு காரணம் இல்லை. உன்னைப் பற்றி உண்மையைச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று இமையைப் பார்ப்பேன். ஐம்பது வரை சத்தமாக எண்ணுவேன். இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் அப்படி எண்ணச் சொல்வார்கள். இருந்தால், போகப் போகக் குரல் மூக்குக்குப் போகும். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆகவில்லை, ஆகவில்லை என்று நாளைத் தள்ளினேன். பிப்ரவரியில் உனக்கு ஆகிவிட்டது.

உன் இரண்டு வரிக் கடிதம் வந்த அன்று எங்கள் தலைமை ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முதலில் திட்டினார். பிறகு பழைய சோதனைக் குறிப்புகளைப் புரட்டினார். "அப்ப அந்தத் தட்டு உன்னோடதுதானே?" என்றார்.

எந்தத் தட்டு என்று சொல்கிறேன். நரம்பு சொல்வதைத் தசை கேட்பதற்கு, தசையின்மேல் ஏற்பிகள் என்று சில இருக்கின்றன. நம் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் அவற்றைப் பகை என்று தப்பாக எண்ணிப் போய் ஒட்டிக்கொள்கின்றன. பின்னாலேயே வேறு புரதங்கள் வந்து அந்த இடத்தையே சிதைக்கின்றன. அப்புறம் நரம்பு கத்தினாலும் தசைக்குக் கேட்காது. இதுவரை எல்லோரும் ரத்தத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவந்தார்கள். எங்கள் தலைமை ஆய்வாளர் தசையையும் விசாரிக்க வேண்டும் என்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் தொடையிலிருந்து பட்டாணி அளவு தசையை நானும் கொடுத்தேன், இன்னும் சிலரும் கொடுத்தார்கள். அதிலிருந்து ஆளுக்கொரு தட்டில் செல்களை வளர்த்தோம். ஒரே நோயாளியின் ரத்த நீரை எல்லாத் தட்டிலும் ஊற்றினால் சில தட்டுகள் ஒரே நாளில் சிதைந்துபோகும். ஒரு தட்டு மட்டும் அசையாது. அதற்குக் 'கல்லுளிமங்கி' என்று பேர் வைத்திருந்தோம். அது நான்தான்.

என் செல்கள் தங்கள்மேல் ஒரு காப்புப் புரதத்தை ஏராளமாகச் செய்துகொள்கின்றன. தாக்க வருகிறவற்றை அது திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆளுக்கு ஆள் அதன் அளவு வேறு. ஒரே உடம்பில்கூடக் கண் தசைகளில் அது குறைவு. அதனால்தான் பலருக்கு இமை முதலில் விழுகிறது என்கிறார். ஒப்புக்கொண்ட மறுநாளே உன் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் என் செல்களில் ஊற்றினோம். அவை அசையவில்லை. வேறொருவர் செல்களில் ஊற்றினோம். இரண்டு ரத்தமும் ஒரே மாதிரி நாசம் செய்தன. என் ரத்தம் உன் ரத்தத்தைவிட நல்லதில்லை அக்கா. உன் தசை வாங்குகிற அடியை என் தசை வாங்குவதில்லை, அவ்வளவுதான். இது தட்டில் பார்த்தது. உடம்பில் இன்னும் என்னென்ன இருக்கிறதோ, முழுக்கத் தெரியாது. பார், 'தெரியாது' என்று எழுதிவிட்டேன்.

நான் செய்த சோதனை பதிவேட்டில் இல்லாதது, விசாரணையில் செல்லாது. உன் ஊர்ப் பெரிய மருத்துவமனையின் நரம்பு மருத்துவருக்குத் தலைமை ஆய்வாளர் கடிதம் கொடுத்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். நாளைக்கே போ. தயவுசெய்து போ.

பொடிசு

•

ஏப்ரல் 13

பொடிசுக்கு,

ஜனவரி!

ஜனவரியில் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிப்ரவரியில் அந்த ஆளின் மூக்கு என் முகத்தருகே வந்திருக்காது. அம்மா என் பையை மோந்திருக்க மாட்டாள். உன் கடிதத்தைச் சுவரில் எறிந்தேன். காகிதம் என்பதால் சத்தம்கூட வரவில்லை. அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது.

மருத்துவமனைக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், நரம்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், நெஞ்சைப் படமெடுத்தார்கள். தசைக் களைப்பு நோய்தான், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மாத்திரை போட்ட முக்கால் மணியில் இமை மேலே போனது. தாடையைப் பிடிக்காமல் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். அம்மா எதிரே உட்கார்ந்து அழுதாள். "இன்னும் கொஞ்சம் போடவா" என்று கேட்டுக்கொண்டே அழுதாள்.

நீ எழுதியதை என் பாஷையில் போட்டுப் பார்த்தேன். ஒலிபெருக்கித் திருடர்கள் இரண்டு நிலையத்துக்கும்தான் வருகிறார்கள். உன் நிலையத்தில் பெட்டிகளைப் போல்ட் போட்டு இறுக்கி, மேலே கூண்டும் வைத்திருக்கிறார்கள். என் நிலையத்தில் இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. மைக்கில் பேசுகிறவள் என்ன கத்தினாலும் நடைமேடைக்குக் கேட்காது. சரியா? புரிந்துவிட்டது. ஆனால் இதிலும் ஒரு நியாயக்கேடு பார். பத்தொன்பது வருஷம் பேசிப் பேசி உழைத்த தசை என்னுடையது. அதற்குக் கூண்டு இல்லை. நாள் முழுக்கத் தட்டைப் பார்த்துக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கூண்டு!

திட்டி முடிக்கவில்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் ரத்தத்திலும் அது இருக்கிறது என்று படித்த இடத்தில் என் கோபம் ஒரு நிமிடம் நின்றுபோயிற்று. அந்த ஒரு நிமிடம் எனக்கு உன்னைப் பற்றிய பயம் மட்டும்தான் இருந்தது. பிறகு கோபம் திரும்ப வந்துவிட்டது, கவலைப்படாதே.

மருத்துவமனைத் தாள் இப்போது நோய் இருக்கிறது என்று சொல்கிறது. பிப்ரவரியில் இருந்ததா என்று கேட்பார்கள். டிசம்பரிலிருந்தே இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. மே 12 வந்து உன் வாயால் சொல். கடிதம் அனுப்பினால் கிழித்துவிடுவேன்.

அக்கா

•

ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன்.

பதிவேட்டில் ஏற்றாமல் சோதனை செய்தேன் என்று வெளியில் போய்ச் சொல்லப்போவதால், எங்கள் நிர்வாகம் முந்திக்கொண்டது. ஆறு மாதத்துக்குச் செல் அறைக்குள் போகக் கூடாது. கண்ணாடிச் சாமான் கழுவும் பகுதியில் போட்டிருக்கிறார்கள். சாவியைக் கொடுத்துவிட்டேன். கல்லுளிமங்கிக்கு இனி வேறு யாரோ தீனி மாற்றுவார்கள். இதை உன்னிடம் பரிதாபம் தேட எழுதவில்லை. பிறகு தெரிந்து நீ கத்தக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தலைமை ஆய்வாளர் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார், கேட்கவே கூசுகிறது. உன் தசையிலும் ஒரு பட்டாணி அளவு தருவாயா? அக்கா தங்கை இருவருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தால், காப்பு எங்கே குறைகிறது என்று தெரியலாம். முடியாது என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு.

பொடிசு

•

மே 20

பொடிசுக்கு,

நீ சாட்சி சொல்லிவிட்டு வண்டியைப் பிடிக்க ஓடினாய். உன்னை வெளியே அனுப்பிய பிறகு நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

விசாரணைக் குழுவின் மூன்று பேரும் உன் பேச்சைக் கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர், "தங்கச்சி அக்காவுக்குச் சாதகமாத்தான் சொல்லுவாங்க" என்றார். உன் வேலையைப் பணயம் வைத்துச் சொன்னதற்கு அவ்வளவுதான் மரியாதை. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்றேன்.

அன்று காலை நான் மாத்திரை போடவில்லை. வேண்டுமென்றேதான். டாக்டருக்குத் தெரிந்து பிறகு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார், இனி ஒருபோதும் அப்படிச் செய்யக் கூடாது என்று. என்ன செய்ய, தாளை நம்பாதவர்களுக்குக் காட்டித்தானே ஆக வேண்டும். மேசையில் இருந்த கால அட்டவணையை எடுத்து முதல் வண்டியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். பத்தாவது வரை என் பழைய குரல். பதினெட்டில் மூக்கு. முப்பதில் நான் என்ன வாசிக்கிறேன் என்று அவர்களுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. இமை இரண்டும் இறங்கிவிட்டன. மேலாளர், "இதேதான், அன்னைக்கு இதேதான்" என்றார், ஜெயித்துவிட்டவர் மாதிரி.

அவர் முன்னாலேயே மாத்திரையை முழுங்கினேன். 'முக்கால் மணி நேரம் காத்திருக்கவும்' என்று தாளில் எழுதி நீட்டினேன். காத்திருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது, அடுத்தடுத்து மூன்று வண்டிகள் தாமதம். அந்த அறை முழுக்க என் பதிவுக் குரல்: 'தாமதத்திற்கு வருந்துகிறோம். தாமதத்திற்கு வருந்துகிறோம்.' யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முக்கால் மணி ஆனதும் அட்டவணையை எடுத்து மறுபடி முதல் வண்டியிலிருந்து முப்பதாவது வரை வாசித்தேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"எந்தச் சரக்கு சார் மாத்திரை போட்டா முக்கா மணியில இறங்கும்?" என்று கேட்டேன்.

நேற்று உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு ரத்து, வேலை திரும்பக் கிடைத்தது. ஒரு மணி நேரம் அறிவித்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. மேலாளர், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். 'என்னால் தவறு நடந்தது' என்று இதுவரை சொன்னது நீ மட்டும்தான். அந்த நிலையத்தில் என்னிடம் வருத்தம் தெரிவித்த ஒரே குரல் என் குரல்தான்.

பட்டாணி அளவு தசை தருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. தட்டுகளின்மேல் 'நோயாளி' என்றும் 'ஆரோக்கியமானவர்' என்றும் எழுதி ஒட்டக் கூடாது. அந்தச் சீட்டுதான் நம் இரண்டு பேரையும் இந்தப் பாடு படுத்தியது. 'அக்கா', 'தங்கை' என்று எழுதச் சொல்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஜனவரியும் பிப்ரவரியும் இன்னும் என் தொண்டையில் நிற்கின்றன. ஆனால் உன் கூண்டை நான் முழுக்க நம்பத் தயாரில்லை. இன்று இறுக்கமாக இருக்கிறது, நாளைக்கு எப்படியோ, உன் தலைமை ஆய்வாளருக்கே தெரியாது. கண்ணாடி முன்னால் தனியாக எண்ணியது போதும். உன் குரலை நீயே கேட்டால் உனக்கு நல்ல ரத்தம் என்றுதான் கேட்கும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு எனக்கு ஃபோன் செய். ஐம்பது வரை எண்ணு. பத்தொன்பது வருஷம் குரலோடு குடித்தனம் நடத்தியவள் நான், ஒரு எண் மூக்கில் உரசினாலும் எனக்குத் தெரிந்துவிடும். என்னிடமிருந்து ஒரு வார்த்தையும் எதிர்பார்க்காதே, கோபம் இன்னும் இருக்கிறது. நீ எண்ணு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அக்கா